சுருளா, உருண்டையா

இல்லக்கா, உங்க காதப் பாக்கல. உங்களத்தான் பாக்கறேன். கம்மல் நல்லாத்தான் இருக்கு, அது வேற விஷயம். நான் யார்கிட்டப் பேசினாலும் இப்படித்தான், கொஞ்சம் ஓரமாப் பாத்துக்கிட்டே பேசுவேன். தப்பா எடுத்துக்காதீங்க. தொழில் பழக்கம். போலீஸ்காரருக்கு எல்லாரையும் சந்தேகப்படற பழக்கம் இருக்கும், டீச்சருக்கு வீட்டுலயும் அதட்டற பழக்கம் இருக்கும், எனக்கு இது. அக்கான்னு கூப்பிடலாம்ல? குரல வச்சுக் கூப்பிட்டுட்டேன். தங்கச்சியா இருந்தா கோவிச்சுக்காதீங்க. இந்த ஹால்ல பாதிப் பேருக்கு எதிர்ல இருக்கிறது ஆளா தூணான்னே தெரியாது, சொட்டு மருந்து விட்டுட்டுக் கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருக்காங்க.

யாரு உள்ள, உங்க மாமியாரா? கேட்டராக்டா? அட, அதெல்லாம் இப்ப ஒரு விஷயமே இல்லக்கா. போவாங்க, வருவாங்க, நாலு நாள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு சினிமாக்காரங்க மாதிரி சுத்துவாங்க. அதுக்கப்புறம்தான் உங்களுக்குத் திண்டாட்டம். இத்தனை வருஷமாத் தெரியாத தூசியெல்லாம் தெரிய ஆரம்பிக்கும். அலமாரி மேல என்னடி இதும்பாங்க. பழைய கண்ணே தேவலைன்னு நீங்க நினைப்பீங்க.

நானா? டோக்கன் இருக்கு, கைலதான் இருக்கு. இருங்க, அந்த மூணாம் நம்பர் கதவு திறந்துச்சா? நர்ஸா? யாரும் வெளிய வரலியே? சரி. இல்ல, சும்மாதான் கேட்டேன். என் கையத் தொட்டுப் பாருங்க, எவ்வளவு சில்லுன்னு இருக்குன்னு. ஏசி எல்லாம் இல்ல. பயம். ஒளிச்சு என்ன ஆகப் போகுது, எனக்கு இன்னிக்கு ரொம்ப பயமா இருக்குக்கா. வந்ததும் ஏதோ படம்லாம் எடுத்தாங்க, இன்னிக்கே முடிவு சொல்லிடுவாங்க. காலைலேர்ந்து ஒரு வாய் காபி இறங்கல. யார்கிட்டயாவது பேசிக்கிட்டே இருந்தாத்தான் ஒரு இடத்துல உக்கார முடியுது. அதான் உங்களப் பிடிச்சுக்கிட்டேன். போன் பாக்கணும்னா பாருங்க, நான் பாட்டுக்கு ஒரு பக்கம் ஓடிட்டிருப்பேன்.

வேலையா? சொன்னா சிரிப்பீங்க. கேலக்ஸி பிரிக்கிறது. ஆமாக்கா, காய் பிரிக்கிற மாதிரிதான். முத்தல் இங்க, பிஞ்சு அங்க. பெரிய பெரிய டெலஸ்கோப்பு வானத்தப் படம் எடுத்து அனுப்பும். அதுல ஒவ்வொரு கேலக்ஸியையும் தனியா வெட்டி எங்க ஸ்கிரீனுக்கு விடுவாங்க. கேலக்ஸின்னா தெரியும்ல, கோடி கோடியா நட்சத்திரம் ஒண்ணாச் சேந்து கிடக்கிற கூட்டம். நாம இருக்கிறதும் அப்படி ஒண்ணுக்குள்ளதான். முக்கால்வாசிய கம்ப்யூட்டரே பிரிச்சுடும். அதுக்கு சந்தேகம் வர்றதெல்லாம் எங்கிட்ட வரும். நான் பாத்து, இது சுருள், இது உருண்டை, இது ரெண்டு சேந்து மோதிக்கிட்டு இருக்குன்னு ஒரு பட்டனைத் தட்டணும். அவ்வளவுதான் வேலை. கல்யாணத்துக்கு முன்னாடி சேந்தது, இன்னும் தட்டிக்கிட்டே இருக்கேன். எங்க டீமுக்கு ஒரு தலைவர் இருக்கார், பெரியவர்னு கூப்பிடுவோம், அவர் எல்லார்கிட்டயும் பெருமையா சொல்வார், கம்ப்யூட்டர் தப்பு பண்ணும், இந்தம்மா கண்ணு தப்பு பண்ணாதுன்னு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு.

இந்த ஓரப் பார்வை அங்க வந்ததுதான். டெலஸ்கோப்புல கண்ண வச்சுப் பாக்கும்போது, ரொம்ப மங்கலா இருக்கிறத நேராப் பாத்தீங்கன்னா காணாமப் போயிடும். கொஞ்சம் தள்ளி, பக்கத்துல இருக்கிற இருட்டப் பாக்கணும். அப்ப அது ஓரத்துல வந்து மெதுவா நிக்கும். கண்ணோட நடுப்பக்கம் எழுத்துப் படிக்க, ஊசில நூல் கோக்க, முகம் பாக்க. இருட்டுல அது உதவாது. ஓரம்தான் இருட்டுக்குக் கெட்டி. வேலைக்குச் சேந்த புதுசுல எல்லாருக்கும் மொதல்ல இதத்தான் சொல்லிக் குடுப்பாங்க, நேராப் பாக்காதேன்னு. நான் அப்படியே ஒட்டிக்கிட்டேன். ஸ்கிரீன்ல பாத்தாலும் ஓரமாத்தான், கடையில கத்திரிக்கா வாங்கினாலும் ஓரமாத்தான். எங்க வீட்டுக்காரர், நீ என்ன முறைக்கிறியா இல்ல வேற யாரையாவது பாக்கறியான்னு கேலி பண்ணுவார்.

சுருள்னா, வாஷ் பேசின்ல தண்ணி இறங்கறப்ப சுழிக்கும் பாருங்க, அந்த மாதிரி. தட்டையா இருக்கும், நடுவுலேர்ந்து ரெண்டு மூணு கை வளைஞ்சு வளைஞ்சு வெளிய போகும். நாங்க கைன்னுதான் சொல்வோம். அந்தக் கையிலதான் புது நட்சத்திரமெல்லாம் பொறக்கும், நீலமா மினுமினுன்னு. உள்ள இருக்கிற நட்சத்திரம் பூரா ஒரே திசையில சுத்தும், மைதானத்துல பசங்க ஓடுற மாதிரி. பாத்தா மனசுக்கு ஒரு ஒழுங்கா இருக்கும். உருண்டைக்கு கையும் கிடையாது காலும் கிடையாது. மழமழன்னு, எண்ணெய் தடவின மாதிரி, நடுவுல வெளிச்சம், போகப் போக மங்கல். புஸ்தகத்துல நீள்வட்டம்னு போட்டிருக்கும். எங்களுக்கு உருண்டை. அதுல எல்லாம் பழைய நட்சத்திரம், லேசா சிவந்து போயி. புதுசா அநேகமா ஒண்ணும் பொறக்காது.

அது எப்படி அப்படி ஆச்சுன்னுதானே கேக்கறீங்க? பரவால்லக்கா, கேக்கறீங்களே. எங்க வீட்டுல ஒருத்தரும் இதுவரைக்கும் கேட்டதில்ல. ரெண்டு சுருள் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சுன்னா ஒண்ணையொண்ணு இழுக்கும். மொதல் தடவ உரசிட்டு அந்தப் பக்கம் போயிடும். புருஷன் பொண்டாட்டி சண்டை போட்டுக்கிட்டு, இனிமே உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்னு பெட்டி தூக்கற மாதிரி. ஆனா போக முடியாது, இழுப்பு விடாது. திரும்ப வரும். திரும்ப உரசும். ஒவ்வொரு தடவையும் கை பிஞ்சு போகும். பிஞ்ச நட்சத்திரமெல்லாம் வால் மாதிரி நீளமா வெளிய இழுபட்டுக் கிடக்கும். அந்த வால் இருந்தாத்தான் நாங்க மோதல்னு பட்டன் தட்டுவோம். ஏன்னா சில சமயம் ஒண்ணு முன்னாடி இருக்கும், இன்னொண்ணு எங்கயோ பின்னாடி இருக்கும், நமக்கு ஒட்டிக்கிட்டு இருக்கிற மாதிரி தெரியும். வால் இருந்தா நெஜமாவே தொட்டுக்கிச்சுன்னு அர்த்தம்.

இதுல ஒரு வேடிக்கை, நட்சத்திரமும் நட்சத்திரமும் இடிச்சுக்கவே இடிச்சுக்காது. அநேகமா ஒண்ணு கூட. அவ்வளவு இடைவெளி. ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூந்து அந்தப் பக்கம் வந்துடும். எல்லாருக்கும் உயிர் இருக்கும், ஆனா யாரும் பழைய வழியில சுத்த மாட்டாங்க. ஒருத்தன் மேல, ஒருத்தன் கீழ, ஒருத்தன் குறுக்க. தேன்கூட்டச் சுத்தித் தேனீ பறக்குமே, அப்படி ஆயிடும். புது நட்சத்திரத்துக்கு மூலப்பொருள் வாயுதான். மோதற நேரத்துல அந்த வாயு நசுங்கி, ஒரே மூச்சுல எக்கச்சக்கமா நட்சத்திரம் பொறக்கும். கல்யாண வீடு மாதிரி அவ்வளவு வெளிச்சம். அப்புறம் சரக்கு தீந்துடும். விருந்தாளி எல்லாம் போன வீடு மாதிரி, பழசுங்க மட்டும் உக்காந்திருக்கும். கை இருந்த இடமே தெரியாது. அதான் உருண்டை.

அப்படித்தான்னு சூடம் அடிச்சு சத்தியம் பண்ண முடியாதுக்கா. அப்படித்தான் ஆயிருக்கும்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க, வேற வழியிலயும் வந்திருக்கலாம்னு சொல்றவங்களும் இருக்காங்க. யாரும் உக்காந்து பாத்ததில்லையே. ஒரு மோதல் முடிய கோடிக்கணக்கான வருஷம். நமக்குக் கிடைக்கிறது ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு போட்டோ. இது ஆரம்பம் மாதிரி இருக்கு, அது நடுவுல மாதிரி இருக்கு, இது முடிஞ்ச மாதிரி இருக்குன்னு வரிசையா அடுக்கி வச்சுக் கதை சொல்றோம். ஒரு தெருவுல இருக்கிற குழந்தையையும் வாலிபனையும் கிழவரையும் படம் எடுத்து, மனுஷன் இப்படித்தான் வளருவான்னு சொல்ற மாதிரி. கம்ப்யூட்டர்லயும் ரெண்டு சுருள மோத விட்டுப் பாத்திருக்காங்க. பெரும்பாலும் உருண்டைதான் வருது. வாயு நிறைய மிச்சம் இருந்துச்சுன்னா சிலதுக்கு கை திரும்ப முளைக்குமாம். நான் அதத்தான் இப்ப அடிக்கடி நினைச்சுக்கறேன்.

ஐயோ, கதவு. பாருங்க பாருங்க. யாரு, கம்பு வச்சுக்கிட்டு ஒரு தாத்தாவா? சரி சரி. இல்லக்கா, தண்ணி வேண்டாம், குடிச்சா திரும்ப வந்துடும்.

என் கண்ணுல கோளாறுன்னு எப்ப கண்டுபிடிச்சேனா? அதச் சொல்றேன். வானத்துல ஒரு மூலையை எங்களுக்கு ஒதுக்கியிருந்தாங்க. அதுல பாத்தா, நான் தட்டத் தட்ட உருண்டையா வருது. சந்தேகமா வர்ற பத்துல எட்டு உருண்டை. அவ்வளவு இருக்கக் கூடாது. அது ஒண்ணும் கேலக்ஸிங்க நெருக்கமாக் கூடிக் கிடக்கிற இடம் இல்ல, காலி மைதானம் மாதிரி இடம். அங்க போயி இத்தனை உருண்டைன்னா, ஒரு காலத்துல அங்க மோதல் மோதலா நடந்திருக்கணும். பெரியவருக்குத் தலைகால் புரியல. எல்லாருக்கும் கேக் வெட்டினார். இதுவரைக்கும் யாரும் சொல்லாத ஒண்ண நாம சொல்லப் போறோம்னார். கம்ப்யூட்டர் மட்டும், இது சுருளா இருக்கலாமே, இருக்கலாமேன்னு முனகிக்கிட்டே இருந்துச்சு. அதக் கிடப்பில போடுங்கன்னுட்டார். இந்தம்மா உருண்டைன்னா உருண்டைதான்னார்.

அப்ப ஒரு சாயங்காலம் என் பொண்ணு ஆபீசுக்கு வந்தா. ஒரே பொண்ணுக்கா. காலேஜ் முடிக்கப் போறா, வீட்டுல இன்னும் பாப்பாதான். அவ வண்டியில என்னைக் கூட்டிட்டுப் போக வந்தவ, என் நாற்காலிக்குப் பின்னாடி நின்னு மென்னுக்கிட்டே ஸ்கிரீனப் பாக்கறா. நான் உருண்டைன்னு தட்டப் போறேன். ஏம்மா, அதுல கை இருக்கேங்கறா. எங்கடீன்னேன். இதோ, இப்படி வளைஞ்சு வருதே, இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு, குழந்தைக்குக் கூடத் தெரியுமேங்கறா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். நீ பொறக்கறதுக்கு முன்னாடிலேர்ந்து பாத்துக்கிட்டிருக்கேன், எனக்கு சொல்லித் தர்றியான்னேன். அவ வந்து படத்தப் பெருசாக்கினா. இன்னும் பெருசாக்கினா. ஸ்கிரீன் பூரா அது ஒண்ணுதான். அப்ப தெரிஞ்சுதுக்கா. ரெண்டு கை. பூ மாதிரி, அவ்வளவு சுத்தமா.

அன்னிக்கு வண்டியில பின்னாடி உக்காந்து அவ தோள இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு வர்றேன். என்னம்மா குளிருதாங்கறா. ஆமான்னேன்.

மறுநாள் பழசையெல்லாம் எடுத்துப் பெருசு பண்ணிப் பாத்தேன். சுருளுக்கா. பாதிக்கு மேல சுருள். அங்க எந்த மோதலும் நடக்கல. அதுங்க பாட்டுக்கு கைய விரிச்சுக்கிட்டு நிம்மதியா சுத்திக்கிட்டிருக்கு. நான்தான் என் கண்ணுக்குள்ளயே எல்லாத்தையும் உருண்டையாக்கிட்டேன். பெரியவர்கிட்ட அன்னிக்கே போயி சொல்லிட்டேன், அதுல ஒளிவு மறைவு இல்ல. அவர் திட்டவே இல்ல. திட்டியிருந்தாக் கூட தேவலை. எந்திரிச்சு ஜன்னல்கிட்டப் போயி நின்னுட்டு, போயி கண்ண காட்டும்மான்னார்.

அப்பத்தான் இந்த ஆஸ்பத்திரிக்கு மொதல்ல வந்தது. இதே நாற்காலி வரிசைதான். டாக்டர் லைட் அடிச்சுப் பாத்துட்டு, கண்ணுக்குள்ள நடுவுல தேஞ்சிருக்கும்மா, பல வருஷமாவே ஆரம்பிச்சிருக்கும், உங்களுக்கு எப்படித் தெரியாமப் போச்சுன்னார். எப்படித் தெரியும்? நடு மங்கினா மத்தவங்களுக்கு மறுநாளே தெரிஞ்சுடும். நேராப் பாத்தா எழுத்துல ஓட்டை விழும். நான் எங்க நேராப் பாத்தேன்? ஓரமாப் பாருன்னு சொல்லிக் குடுத்தாங்க, வருஷக்கணக்கா ஓரமாவே பாத்தேன். நடு போனதே தெரியாம ஓரம் சமாளிச்சுக்கிட்டு வந்திருக்கு. ஓரத்துக்குப் பொடிசா இருக்கிறது தெரியாது, கை தெரியாது, மழமழன்னுதான் தெரியும். கேலக்ஸிக்கும் நடுவுல கருந்துளைன்னு ஒரு கறுப்பு ஓட்டைதான் டாக்டர், எனக்கும் அப்படி ஆயிடுச்சான்னு ஜோக் அடிச்சேன். அவர் சிரிக்கல. அப்புறம் ரெண்டு கேள்வி கேட்டார்.

மொதக் கேள்வி, சொந்தத்துல கட்டினீங்களான்னு. ஆமாக்கா, அத்தை பையன். எங்க வீட்டுல எல்லாருக்கும் எல்லாரும் சொந்தம். எங்கம்மாவும் அப்பாவும் சொந்தம், எங்க அப்பாவும் மாமியாரும் கூடப் பொறந்தவங்க. யாரையாவது வெளிய கட்டிக் குடுத்தாத்தான் அதிசயம். தெரிஞ்ச பேயே மேல்னு பெரியவங்க சொல்வாங்க. எங்க அப்பாவுக்கு ஒரு பெரியப்பா இருந்தாராம். ஒருத்தர் முகத்தையும் பாத்துப் பேச மாட்டாராம், தலையச் சாய்ச்சு எங்கயோ பாத்துக்கிட்டே இருப்பாராம். கோணக் கழுத்துன்னு பேர். திமிரு பிடிச்ச மனுஷன், எவனையும் மதிக்க மாட்டான்னு எங்க குடும்பமே திட்டித் தீத்துச்சு. டாக்டர்கிட்ட அதச் சொன்னேன். அவர் எழுதறத நிறுத்திட்டு என்னப் பாத்தார். இது பரம்பரையா வர்றது, அம்மா அப்பால ஒரு பக்கத்துலேர்ந்து வந்தா ஒண்ணும் பண்ணாதும்மா, சும்மா உள்ள படுத்துக் கிடக்கும், ரெண்டு பக்கத்துலேர்ந்தும் வந்து சேந்தாத்தான் வெளிய வரும்னார்.

எங்க தொழில்லயும் அப்படித்தான். வேற எங்கயோ இருக்கிறதுங்க வந்து மோதாது. ஒரே கூட்டத்துல, ஒண்ணோட இழுப்புல ஒண்ணா இருக்கிறதுங்கதான் மோதும். நம்ம கேலக்ஸிக்கே பக்கத்துல ஒரு பெரிய சுருள் இருக்கு, அது நம்மள நோக்கித்தான் வருது. வேலைக்குச் சேந்த புதுசுல இதக் கேட்டுட்டு எனக்கு சோறு இறங்கல. எத்தனையோ கோடி வருஷம் கழிச்சுதான், நான் எங்க இருக்கப் போறேன், இருந்தாலும் பயம். அப்ப நிச்சயம் மோதும், ரெண்டும் சேந்து ஒரு பெரிய உருண்டை ஆகும்னு அடிச்சு சொன்னாங்க. இப்ப என்னடான்னா திரும்பக் கணக்குப் போட்டுட்டு, மோதலாம், மோதாமலும் போகலாம், பாதிக்குப் பாதிங்கறாங்க. எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு நிச்சயம்னு சொன்னதே பரவால்லன்னு தோணுது. நிச்சயம்னா அழுதுட்டு எந்திரிச்சுடலாம். பாதிக்குப் பாதின்னா தூங்க முடியாதுக்கா. டாக்டரும் அதே வார்த்தையத்தான் சொன்னார்.

எதுக்கு சொன்னாரா? ரெண்டாவது கேள்விக்கு.

இருங்க, என் வீட்டுக்காரர் அந்த வாசப் பக்கம் தெரியறாரா? உயரமா, கட்டம் போட்ட சட்டை. இல்லையா? அப்ப இன்னும் கீழதான் இருப்பார். வண்டிய நிறுத்திட்டு வர்றேன்னு போனவர். அவரால இங்க உக்கார முடியல. நல்ல மனுஷன்க்கா, இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை கடுசா பேசினதில்ல. இப்ப ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சரியாப் பேசிக்கறதில்ல. கோவம் இல்ல. உன்னாலயா என்னாலயான்னு கேட்டா ரெண்டு பேராலயும்தான். அதக் கேக்கறதுக்கு ரெண்டு பேருக்குமே தைரியம் இல்ல.

என் டோக்கன் நம்பரா? இது என்னோடது இல்லக்கா. நான்தான் காட்ட வந்திருக்கேன்னு நினைச்சுட்டீங்களா? பாவம், நானும் சொல்லாமயே ஓட்டிட்டேன். எனக்கு காட்டறதுக்கு என்ன இருக்கு, என் கதை தெரிஞ்ச கதை. குழந்தைங்க இருக்காங்களான்னு கேட்டார் டாக்டர். அதுதான் ரெண்டாவது கேள்வி. ஒரே பொண்ணுன்னேன், அவளுக்கும் வர்றதுக்குப் பாதிக்குப் பாதின்னார்.

இல்லக்கா, அவளுக்கு ஒண்ணும் இல்லன்னுதான் நான் அடிச்சு சொன்னேன். நான் பாக்காத கையையே பாத்தவ சார் அவ, அவ கண்ணு கழுகுக் கண்ணுன்னேன். நம்பிக்கிட்டும் இருந்தேன். அப்புறம் போன வாரம், அவ சோபாவுல படுத்துக்கிட்டு இருந்தா. என்னமோ தோணுச்சு. அன்னிக்கு ஆபீஸ்ல பாத்தாளே, அதே படத்த என் போன்ல எடுத்து, பாப்பா, இது என்னன்னு சொல்லுன்னு நீட்டினேன். சும்மா விளையாட்டுக்குத்தான். வாங்கிப் பாத்தா. உருண்டைம்மான்னா. நல்லாப் பாருடின்னேன். பாத்துட்டேன்மா, மழமழன்னுதான் இருக்கு, கையும் இல்ல ஒண்ணும் இல்ல, உன்கூடப் பாத்துப் பாத்து இப்ப எனக்கும் பழகிடுச்சேன்னு சிரிக்கிறா. போன் ஸ்கிரீன் சின்னது, அதனால இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன். வெளிச்சம் கம்மியா வச்சிருப்பேன், அதனால இருக்கும். அரைத் தூக்கத்துல பாத்திருப்பா. இதெல்லாம் நான் எனக்கு சொல்லிக்கிட்டேன்க்கா, வரிசையா. ஆனா போனத் திருப்பிக் குடுக்கும்போது கவனிச்சேன். தலைய லேசா சாய்ச்சு வச்சிருந்தா.

சும்மா பவர் செக் பண்ணிட்டு வரலாம் வாடின்னு கூட்டிட்டு வந்தேன். நானும் உள்ள வர்றேன்னேன். நீ வெளியவே இரும்மா, நீ வந்தா டாக்டரப் பேச விட மாட்டேன்னு சொல்லிட்டுப் போயிட்டா. போயி ரொம்ப நேரமாச்சு. இவ்வளவு நேரம் ஆனா நல்லதா கெட்டதா, உங்களுக்குத் தெரியுமா? உங்க மாமியாருக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?

கதவு. இல்லக்கா, இந்தத் தடவை எனக்கே கேட்டுது. யாரு? மஞ்ச டாப்ஸா, தோள்ல துணிப் பை போட்டுக்கிட்டா? அவதான். நடைய வச்சே தெரியுது. நடை ஓரத்துல தெரியும் எனக்கு, பையி தெரியும், கை வீசறது தெரியும். முகம் மட்டும்தான் நடுவுல வந்து உக்காந்துக்கும்.

அக்கா, ஒரு உபகாரம். உங்க முகமே எனக்குத் தெரியல, கம்மல வச்சுத்தான் இவ்வளவு நேரம் பேசினேன். அது அவளுக்குத் தெரியாது. படத்துல கை தெரியலங்கறது மட்டும்தான் தெரியும், முகம் தெரியலன்னு நான் வீட்டுல சொல்லவே இல்ல. அவ என்னப் பாத்துக்கிட்டேதானே வர்றா? என் முகத்தப் பாத்துத்தான் அவ தைரியப்படுவா, சின்னதுலேர்ந்து அப்படித்தான், கீழ விழுந்தா மொதல்ல என் முகத்தத்தான் பாப்பா, அப்புறம்தான் அழலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணுவா. அவ அழுதுக்கிட்டு வரும்போது நான் இங்க பல்லக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கக் கூடாது. எந்த முகத்த வச்சுக்கறதுன்னு எனக்குத் தெரியணும்க்கா. கிட்ட வந்துட்டா. சீக்கிரம் சொல்லுங்க, சிரிக்கிறாளா?